குப்பியின் நடுவில் ஒரு துளை

புதிய உத்தரவு நடைமுறைக்கு வந்த முதல் நாள், காலை பத்தரை மணிக்கு, அக்காவின் கேக் சாமான் கடையில் கண்ணாடிக் கதவு உடைந்தது.

உடைத்தவன் பலூன்காரன். கேக்கை வைத்துச் சுற்றிச் சுற்றி க்ரீம் பூசுவதற்கான கனத்த இரும்புத் தட்டு ஒன்று விற்பனை அடுக்கில் இருந்தது. அதை எடுத்துக் கடைக்குள்ளிருந்து கதவை நோக்கி வீசினான். கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் வெளுத்து, என்ன செய்வதென்று யோசிப்பதுபோலச் சற்று நின்று, பிறகு தெருவில் கொட்டியது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் மேசையைத் தாண்டிக் கை நீட்டி அவள் தலைமுடியைக் காதோடு சேர்த்துப் பிடித்தான்.

"இப்போ சொல்லுங்க. குப்பி இருக்கா, இல்லையா?"

"இருக்கு. உனக்கு இல்ல."

அவள் முகத்தை மேசை விளிம்பில் இடித்தான். கோபமே இல்லாமல், முட்டையைத் தட்டி உடைப்பதுபோல ஒரே தட்டு. காது மடல் கிழிந்து ரத்தம் கழுத்தில் சூடாக இறங்கியது.

"ரெண்டு வருஷமா வித்தீங்க இல்ல, அக்கா? பெட்டி பெட்டியா வாங்குவேன். கூடவே நூறு பலூன். எந்தக் குழந்தைக்குடா பொறந்த நாள்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அவள் கேட்டதில்லை. அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் அக்காதான். வயது நாற்பத்து மூன்று. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பலூன்காரன் அவள் முடியைப் பிடித்து இழுக்கும்போதுகூட நீங்க, வாங்க என்றுதான் பேசினான். குப்பிகள் இரும்பு அலமாரியில் இருந்தன. அவன் தெருமுனையில் வருவதைப் பார்த்தவுடனேயே அதன் சாவியைப் பொடித்த சர்க்கரை டப்பாவுக்குள் போட்டு மூடியிருந்தாள். சத்தம் கேட்டுப் பக்கத்துத் தையற்கடையிலிருந்து இருவர் ஓடிவந்தார்கள். அவன் அவசரப்படவில்லை. கையில் ஒட்டிய முடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நொறுங்கிய கண்ணாடிமேல் நடந்து போனான்.

நைட்ரஸ் ஆக்சைடு என்று உத்தரவில் எழுதியிருந்தது. வெளியே அதற்குச் சிரிப்பு வாயு என்று பெயர். கடையில் வெறுமனே குப்பி என்பார்கள். கட்டைவிரல் அளவு எஃகுக் குப்பிதான். க்ரீம் ஊற்றிய குடுவையின் தலையில் அதைத் திருகினால் உள்ளே இருக்கும் ஊசி அதன் வாயைக் குத்தும், வாயு சீறிக்கொண்டு க்ரீமுக்குள் இறங்கும், பிடியை அழுத்தினால் க்ரீம் மேகத்தைப்போலப் பொங்கி வரும். அதே வாயுவைப் பலூனில் பிடித்து உறிஞ்சினால் ஒரு நிமிடத்துக்கு உலகம் வேறு யாருடையதோ ஆகிவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகப் பூங்காவிலும் பேருந்து நிலையத்தின் பின்புறத்திலும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். காலையில் தெருக்கூட்டுகிறவர்கள் காலிக் குப்பிகளை முறத்தில் அள்ளினார்கள். பூங்கா நாற்காலியில் ஒரு பெண், கையில் சுருங்கிய பலூனோடு, உட்கார்ந்தபடியே இறந்து கிடந்த பிறகுதான் உத்தரவு வந்தது. இனிச் சில்லறையில் யாருக்கும் விற்கக் கூடாது. பேக்கரி உரிம அட்டை உள்ளவர்களுக்கு மட்டும், ஒரு கடையில் வாரத்துக்கு இருபது. காலிக் குப்பிகளைத் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்த இருபது.

உத்தரவைப் படித்த அன்று அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. காரணம் பூங்காப் பெண் அல்ல. தம்பி.

தம்பி இரண்டு தெரு தள்ளிப் பேக்கரி வைத்திருந்தான். முப்பத்திரண்டு வயது. க்ரீமில் அவன் செய்யும் பூக்களை வெட்ட மனம் வராமல் ஆட்கள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். நான்கு மாதங்களுக்கு முன் மூன்றடுக்குக் கேக்கைச் சுமந்துகொண்டு ஒரு மண்டபத்தின் படியில் இறங்கியவன், கடைசிப் படி இருப்பதாக நினைத்து இல்லாத படியில் காலை வைத்தான். கேக்கோடு விழுந்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். மறுநாள் குளியலறையில் விழுந்தான். எந்நேரமும் சாக்ஸ் போட்டுக்கொண்டே நடப்பதுபோல இருக்கிறது என்றான். மருத்துவர் அதிரும் இரும்புக் கவையொன்றை அவன் கால் கட்டைவிரலில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்டார். எந்த அதிர்வு என்று தம்பி கேட்டான். மருத்துவர் அக்காவை வெளியே அனுப்பவில்லை. எத்தனை குப்பி, என்று நேராகக் கேட்டார். ஒரு நாளைக்கு முப்பது, சில நாள் ஐம்பது என்றான் தம்பி, அடுப்பின் சூட்டைச் சொல்வதுபோல. இந்த வாயு உடம்பிலிருக்கும் ஒரு சத்தைச் செயலிழக்கச் செய்துவிடும், அது இல்லாமல் முதுகுத்தண்டின் நரம்பு உரியும் என்று மருத்துவர் விளக்கினார். இன்றே நிறுத்தி, மூன்று வாரம் மருத்துவமனையில் படுத்து ஊசி போட்டுக்கொண்டால் கால் திரும்பலாம். நிறுத்தாவிட்டால் சக்கர நாற்காலிதான்.

படுப்பதற்கு அவன் ஒப்பவில்லை. ஆர்டர்கள் இருந்தன. ஊசியை மட்டும் போட்டுக்கொள்கிறேன், குப்பியைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

குப்பிகளை விற்றவள் அக்கா. பேக்கரிக்காரன் குப்பி வாங்குவதில் என்ன அதிசயம் என்று அவளும், அந்தச் சத்தியத்துக்குப் பிறகும்கூட, எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஆகவே உத்தரவு வந்ததும், அவள் கையைத் தானாகவே யாரோ பிடித்து நிறுத்திவிட்டதாக நினைத்தாள். அட்டையின் ஞாபகம் அவளுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் தம்பி அட்டையோடு வந்தான். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துவந்து, மேசைமேல் அதை வைத்தான். அவன் படம், பேக்கரியின் பெயர், அரசு முத்திரை. அந்தத் தெருக்களிலேயே முறையான அட்டை அவனிடம் மட்டும்தான் இருந்தது. நாட்டில் எல்லோருக்கும் மூடிய கதவு அவன் ஒருவனுக்குத் திறந்து கிடந்தது.

"இருபது" என்றான்.

அக்கா அட்டையை எடுத்து, அட்டைப்பெட்டி கட்டியிருந்த கதவிடுக்கு வழியாகத் தெருவில் எறிந்தாள். அவன் அவளை அறைந்தான். பிறந்ததிலிருந்து அவன் அவள்மேல் கை ஓங்கியதில்லை. தையல் போட்ட காதிலேயே பட்டு மறுபடியும் ரத்தம் வந்தது. பிறகு அவனே அதைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, தன் தலையைத் தானே மேசைக் காலில் மோதிக்கொண்டான். அவள் போய்ப் பிடிக்கும்வரை நிறுத்தவில்லை.

அன்று பிற்பகல் ஆய்வாளர் கையிருப்பைப் பார்க்க வந்தார். தம்பியின் அட்டையை ரத்துசெய்ய வழி உண்டா என்று அக்கா கேட்டாள். அவர் உத்தரவை முன்னும் பின்னும் புரட்டினார். அவன்மேல் வழக்கு இருக்க வேண்டும், அல்லது அவனே எழுதிக்கொடுக்க வேண்டும். கால் மரத்துப்போனதெல்லாம் காரணம் ஆகாது. பொறுமையான மனிதர்தான் அவர். கடைசியில் சொன்னதும் நல்லெண்ணத்தில்தான்.

"நீங்க குடுக்கலேன்னா அவர் உங்கமேல என்கிட்ட புகார் குடுக்கலாம்மா. விதிப்படி அவர்கிட்ட ஒரு குறையும் இல்ல."

கடையில் குப்பி வைப்பதையே விட்டுவிடலாமா என்று அக்கா யோசித்தாள். விட்டால் அவன் ஊரின் மறுகோடியில் வேறொரு கடைக்குப் போவான். அங்கே யாரும் அவன் காலைப் பார்க்கமாட்டார்கள். இங்கே என்றால் காலிக் குப்பிகள் அவள் கைக்கு வரும்.

அவற்றைப் படிக்க அவளுக்குத் தெரியும். அந்தத் தொழிலில் இருபது ஆண்டு இருந்தவர்களுக்கே கண்ணில் படும் விஷயம் அது. பலூன் பிடிக்கிறவர்கள் குடுவை வாங்குவதில்லை. உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் குழாயில் குப்பியைச் செருகிக் கையால் திருகுவார்கள். அதன் ஊசி மட்டமானது, ஒருபக்கமாகச் சாயும். குப்பியின் வாயில் துளை ஓரத்தில் விழும், உதடு கிழிந்ததுபோல. நல்ல க்ரீம் குடுவையின் ஊசி நேரானது. துளை நட்டநடுவில், ஊசிமுனையால் வைத்த பொட்டுப்போல வட்டமாக இருக்கும். நடுத்துளை என்றால் க்ரீம். ஓரத்துளை என்றால் பலூன்.

தெருவில் கிடந்த அட்டையை எடுத்துக்கொண்டு மறுநாள் அவன் திரும்பி வந்தபோது, முதல் இருபதைக் கொடுத்து அதைச் சொன்னாள். இருபதும் நடுத்துளையோடு வந்தால் அடுத்த இருபது. ஒன்றே ஒன்று ஓரமாக இருந்தாலும் அலமாரி திறக்காது. அவன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, சரிக்கா என்றான்.

ஆறு வாரம் வந்தான். ஒவ்வொரு வாரமும் அக்கா காலிக் குப்பிகளைத் துணியில் கொட்டி, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். எல்லாம் நடுத்துளை. அதை நினைத்தபடி அவள் நிம்மதியாகத் தூங்கினாள். ஆனால் கால் தேறவில்லை. முதலில் ஒரு கைத்தடி வந்தது, பிறகு இரண்டு. ஐந்தாவது வாரம் அவன் காலைத் தூக்கி வைக்கவில்லை, இழுத்துக்கொண்டு வந்தான். நரம்பு மெதுவாகத்தான் தேறும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை அவள் தனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள். பலூன்காரன் அந்தப் பக்கமே வரவில்லை. ஒருநாள் எதிர்ப்புறத்தில் நின்று அவளுக்கு வணக்கம் வைத்தான். குப்பி கிடைக்காமல் அடங்கிவிட்டான் என்று நினைத்தாள்.

ஏழாவது வாரம், பிற்பகல் மூன்று மணிக்கு, முட்டையம்மா கடைக்கு வந்தாள். தம்பியின் பேக்கரியில் நாளொன்றுக்கு முந்நூறு முட்டை உடைக்கும் பெண். அதனால் அந்தப் பெயர். பேக்கரியில் இருந்த இரண்டு குடுவைகளில் ஒன்றின் தலையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். ரப்பர் வளையம் வெடித்துவிட்டதாம், மாஸ்டர் புதிது வாங்கிவரச் சொன்னாராம். "சீக்கிரம் குடுக்கா, அடுப்புல பாகு கொதிக்குது" என்றாள்.

அக்கா பழைய வளையத்தை நெம்பி எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

க்ரீம் ஓடும் குடுவையின் வளையம் கொழுப்பு ஏறி மஞ்சளாக, மெத்தென்று, புளித்த வாடையோடு இருக்கும். எத்தனை கழுவினாலும் அந்த வாடை போகாது. இது வெள்ளையாக, சுண்ணாம்புக் கட்டிபோலக் காய்ந்து, வாயுவின் குளிரில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தாள். இரும்பு வாடை. அந்தக் குடுவைக்குள் ஒரு சொட்டுக் க்ரீம்கூடப் போனதில்லை. வெறும் குடுவையில் குப்பியைத் திருகியிருக்கிறான். நேரான ஊசி, நட்டநடுவில் துளை. பிறகு குடுவையின் முனையை வாயில் வைத்திருக்கிறான்.

துளையை அவள் படித்தாள். குடுவையைக் கேட்கவில்லை.

உனக்குத் தெரியுமா என்று முட்டையம்மாவிடம் கேட்டாள். முட்டையம்மா தரையைப் பார்த்தாள். மாஸ்டர் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை உள்ளறைக் கதவைச் சாத்திக்கொள்வார், இன்னொருத்தனும் உள்ளே இருப்பான், தினமும் ஒரு பெட்டி எங்கிருந்தோ வரும் என்று சொன்னாள். பிறகு, "நான் முட்டை உடைக்க வந்தவ. உங்க வீட்டு விஷயத்துல நான் என்னத்த உடைக்கறது?" என்றாள்.

அக்கா கடையைப் பூட்டவில்லை. தெருவில் ஓடினாள், முட்டையம்மா பின்னால் மூச்சுவாங்க வந்தாள். பேக்கரியின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்து, உள்ளறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள்.

தம்பி மாவு மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் குடுவை. உதடுகளில் குளிர் சுட்ட வெள்ளைத் தழும்பு. கேக் மேசைமேல் ஊதிக் கட்டிய பலூன்கள் ஒரு பெரிய பைக்குள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. பலூன்காரன் இன்னொன்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். தரையெல்லாம் குப்பிகள். அட்டையைக் காட்டி ஊரிலிருந்த எல்லாக் கடையிலும் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவள் கடை அவற்றில் ஒன்று. தம்பி அவளைப் பார்த்துச் சிரித்தான், ஓடும் ரயிலின் ஜன்னலிலிருந்து தெரியாத ஊரைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

"வாங்கக்கா" என்றான் பலூன்காரன். "நீங்க கதவைச் சாத்தினீங்க. உங்க தம்பி சாவியோட வந்தான். நல்ல குடும்பம்."

அடுப்பிலிருந்து தட்டுகளை இழுக்கும் நீண்ட இரும்புக் கொக்கி சுவரில் மாட்டியிருந்தது. அக்கா அதை எடுத்து அவன் முகத்தில் வீசினாள். கொக்கி தாடையில் மாட்டிச் சதையைப் பிளந்தது. இரண்டாவது முறை வீசுவதற்குள் அவன் உள்ளே புகுந்து அவள் தொண்டையைப் பிடித்துவிட்டான். கல்மேசைமேல் அவளை மல்லாக்கச் சாய்த்து, முழங்கையை நெஞ்சில் ஊன்றினான். பலூன்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. மூச்சு கிடைக்காமல் அவள் காலை உதறினாள். அவன் தம்பியின் மடியிலிருந்த குடுவையை எட்டி எடுத்து, முனையை அவள் கன்னத்தில் வைத்துப் பிடியை அழுத்தினான். சீறல் அவள் தலைக்குள்ளேயே கேட்டது. குளிர் சுடும் என்று அவள் பலமுறை வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறாள். கன்னத்துத் தோல் முனையில் ஒட்டிக்கொண்டது. அவன் குடுவையை விலக்கியபோது கூடவே வந்தது.

"தம்பிக்கு என்ன ருசின்னு பாருங்க" என்றான்.

தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் குடுவைமேல் இருந்தன.

அப்போது முட்டையம்மா அடுப்பிலிருந்த பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கிவந்து, கொதிக்கும் சர்க்கரைப் பாகைப் பலூன்காரனின் முதுகில் கவிழ்த்தாள். தண்ணீர் என்றால் வழிந்துவிடும். பாகு வழியாது, ஒட்டிக்கொண்டே வேகும். அவன் எழுப்பிய சத்தம் மனிதக் குரலாகவே இல்லை. சட்டையைப் பிய்க்கப் போனான், சட்டையோடு முதுகு வந்தது. சுவரில் மோதி, கதவில் மோதி, பாதி இறங்கிய ஷட்டரில் நெற்றியை இடித்துத் தெருவில் விழுந்து, எழுந்து ஓடினான். வெளியே யாரோ கத்தினார்கள்.

முட்டையம்மா காலிப் பாத்திரத்தோடு நின்றாள். "மூணு கிலோ சர்க்கரை" என்றாள், யாரிடமோ.

அக்கா மேசையிலிருந்து உருண்டு தரையில் இறங்கினாள். மூச்சு ஊளையிட்டுக்கொண்டு வந்தது. தம்பி மூட்டையிலிருந்து சரிந்து கீழே விழுந்திருந்தான். தன்னிடம்தான் வருகிறான் என்று நினைத்துக் கையை நீட்டினாள். அவன் முழங்கைகளை ஊன்றித் தவழ்ந்தான், இரண்டு கால்களும் ஈரத்துணிபோலப் பின்னால் வந்தன. அவள் கையைத் தாண்டினான். அவள் ரத்தத்தின்மேல் ஊர்ந்து, மேசைக்கடியில் உருண்டு கிடந்த குடுவையை எடுத்தான். பக்கத்தில் கிடந்த புதுக் குப்பி ஒன்றை எடுத்து, தலையில் வைத்து, இரண்டு கையாலும் திருகத் தொடங்கினான்.

குப்பியைத் திருக இரண்டு கைகள் வேண்டும்.

அந்த எண்ணம் அவளுக்கு மிகத் தெளிவாக, யாரோ பக்கத்திலிருந்து சொன்னதுபோல வந்தது. ஒரு கை உடைந்தவனால் திருக முடியாது. ஒரு கை உடைந்தவனை மருத்துவமனையில் படுக்க வைப்பார்கள். அங்கே ஊசி இருக்கும், குப்பி இருக்காது. மேசைமேல் மாவு தேய்க்கும் கல்லுருளை இருந்தது. அக்கா அதை எடுத்தாள். அவன் வலது கையைப் பற்றித் தரையில் வைத்து, முழங்கையின்மேல் தன் முழங்காலை ஊன்றினாள்.

"அசைக்காத" என்றாள், நகம் வெட்டிவிடும்போது சொன்னதுபோல.

முதல் அடியில் மணிக்கட்டு உடையவில்லை. அவன் அலறிக்கொண்டு அக்கா, அக்கா என்றான். இரண்டாவது அடியில் உடைந்தது. அந்தச் சத்தம் கேட்டு முட்டையம்மா பாத்திரத்தைக் கீழே போட்டாள். கை, மணிக்கட்டுக்கு மேல் புதிதாக ஒரு மூட்டு முளைத்ததுபோல வளைந்து கிடந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றாள் அக்கா. உருளையைக் கீழே வைக்க அவளுக்கு நேரமெடுத்தது, விரல்கள் திறக்கவில்லை.

ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிடத்தில் வந்தது. தலை நரைத்த உதவியாளர் ஒருவர், வண்டிக்குள் ஒரு படுக்கை, அதன் ஓரத்தில் அக்கா உட்கார ஒரு பலகை. வண்டி கிளம்பியதும் எப்படி ஆச்சு என்று அவர் கேட்டார். கால் மரத்துப்போய் விழுந்துவிட்டேன் என்று தம்பி சொன்னான். அக்கா அவனைப் பார்த்தாள்.

"நான்தான் அடிச்சேன்" என்றாள்.

உதவியாளர் அவள் கன்னத்தையும் காதையும் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவில்லை. அவருடைய கவலை கையில் இருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன. மணிக்கட்டில் நாடி பார்த்தார், கிடைக்கவில்லை. எலும்பு ரத்தக்குழாயை அழுத்துகிறது, மருத்துவமனை போக இன்னும் அரைமணி நேரம், அதுவரை விட்டால் கை போய்விடும், இப்போதே இழுத்து நேராக்க வேண்டும் என்று சொன்னார். சொல்லிக்கொண்டே தலைக்கு மேலிருந்து ஒரு முகமூடியை எடுத்துத் தம்பியின் மூக்கிலும் வாயிலும் வைத்தார். மூச்சை நன்றாக இழுக்கச் சொன்னார். வலி தெரியாது என்றார்.

தம்பி இழுத்தான். ஒரே மூச்சுதான். அக்கா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலியில் சுருங்கிக் கிடந்த நெற்றி விரிந்தது. கண்கள் அகன்று பளபளத்தன. நெடுநாள் தொலைத்த ஆளைக் கூட்டத்தில் கண்டவன்போல இருந்தான். சற்றுமுன் மாவு மூட்டைமேல் அவள் பார்த்த அதே முகம். நல்ல கையால் முகமூடியைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு அடுத்த மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்தான்.

அவள் எழுந்து குழாயின் மறுமுனையைத் தேடினாள். படுக்கைக்குக் கீழே ஒரு வாயு உருளை. அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் உத்தரவில் இருந்த அதே சொல், நைட்ரஸ் ஆக்சைடு. பாதி ஆக்சிஜன், பாதி அது.

முகமூடியைப் பிய்த்து இழுத்தாள். வார் அறுந்து தம்பியின் முகத்தில் அடித்தது. உதவியாளர் அவள் நெஞ்சில் கை வைத்து அவளைக் கதவின்மேல் தள்ளினார்.

"பைத்தியமா உங்களுக்கு? கையை உடைச்சது போதாதா?"

அவள் சொன்னாள். தொண்டை நெரிபட்டிருந்ததால் குரல் காற்றாகத்தான் வந்தது. குப்பி, குடுவை, ஒரு நாளைக்கு ஐம்பது, முதுகுத்தண்டு, மருத்துவர் சொன்னது. உதவியாளர் நம்பாமல் தம்பியின் பாதத்தைப் பிடித்து, பெருவிரலில் நகம் பதியக் கிள்ளினார். தம்பி முகமூடியைத்தான் தேடிக்கொண்டிருந்தான். கிள்ளியது அவனுக்குத் தெரியவே இல்லை. அவர் உருளையின் திருகை மூடினார். வண்டியில் வேறு வலி மருந்து இல்லை என்றார். மருந்தில்லாமல் இழுத்தால் தாங்கமாட்டான். இழுக்காவிட்டால் கை போய்விடும். நீங்களே சொல்லுங்கள் என்று அவளைப் பார்த்தார்.

தம்பி இப்போது அவளிடம் திரும்பினான். போதை கலைந்து, வலி திரும்ப ஏறியிருந்தது. பேக்கரியில் அவளைத் தாண்டிப் போனவன், இப்போதுதான் அவளை நேராகப் பார்த்தான்.

"அக்கா, கை உடைஞ்சு கெடக்கேன். டாக்டருங்களே குடுக்கறது. இப்போ கூடவா?"

அவள் கை தானாகவே அவன் தலையைத் தடவியது.

"இப்போதாண்டா" என்றாள். உதவியாளரிடம், "இழுங்கண்ணா" என்றாள்.

அவர் ஓட்டுநரிடம் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். தம்பியின் முழங்கையை வாரால் படுக்கையோடு கட்டினார். உடம்பு துள்ளாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா அவன் தொடைகளின்மேல் குறுக்கே படுத்து, இரண்டு முழங்கால்களையும் அணைத்துக்கொண்டாள். கன்னத்துப் புண் அவன் கால்சட்டையில் உரசியது. சட்டத்தின் பெயரால் அவனுக்குக் கிடைத்ததையும், தன் கையால் கொடுத்ததையும் நினைத்தாள். பிறகு எதையும் நினைக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

உதவியாளர் இழுத்தார். எலும்பு எலும்பின்மேல் தேய்ந்தது. தம்பியின் அலறல் வண்டியின் தகரத்தை அதிரவைத்தது. வெளியே யாரோ நடந்துபோனவர்கள் நின்றுவிட்டார்கள். அவன் அவளைத் திட்டினான், அம்மாவைக் கூப்பிட்டான், தன்னைக் கொன்றுவிடச் சொன்னான். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

இரண்டாவது இழுப்பில் அவன் உடம்பு வில்லாக வளைந்தது. அவள் பிடியிலிருந்து இடது முழங்கால் வழுக்கி, மேலே மடங்கி, முழு வேகத்தோடு நீண்டது. குதிகால் அவள் வாயில் விழுந்தது. அவள் பின்னால் போய்க் கதவில் மோதினாள். ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாய் நிறைய ரத்தமும் ஒரு பல்லும் இருந்தன.

"அம்மா, பலமா பட்டுடுச்சா?" என்று உதவியாளர் கேட்டார். தம்பியின் கையை விடாமல் கழுத்தை மட்டும் திருப்பினார். இன்னும் நேராகவில்லை என்றார், இன்னொரு முறை இழுக்க வேண்டும்.

சற்றுமுன் ஈரத்துணிபோல இழுபட்ட அந்தக் காலையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். படுக்கையின் விளிம்பில் தொங்கிய அது, வலியின் மிச்சத்தில், இன்னும் காற்றை உதைத்துக்கொண்டிருந்தது. பல்லை உள்ளங்கையில் துப்பினாள். தவழ்ந்து வந்து அந்தக் காலை மட்டும் விட்டுவிட்டு, மற்றதைப் பிடித்துக்கொண்டாள்.

"இழுங்க" என்றாள்.